ஓட்டியவருக்குத் தண்டனை, உடன் வந்தவருக்கு?

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களில் ‘மதுவின் தீமைகள்’ என்று ஒரு கட்டுரையாவது எழுதாதவர் இருக்க மாட்டார்கள். நானும் ஆறாம் ஆண்டில் எழுதியிருக்கிறேன். ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று தொடங்கி, இரண்டு பழமொழிகளும் ஒரு குறளும் சேர்த்து, ‘ஆகவே மதுவை ஒழிப்போம்’ என்று முடித்திருந்தேன். ஆசிரியை சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பயிற்சிப் புத்தகத்தை அம்மா இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறார். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டுகள் நன்னெறிக் கல்வி. பொறுப்புணர்வு, சாலைப் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் மலாயில் விளக்கம் மனப்பாடம். அதன் பிறகு லைசென்ஸ் எடுக்கப் போனபோது கணினியில் 50 கேள்விகள். 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. அதிலும் தேறினேன்.

இவ்வளவும் படித்துவிட்டு வந்த எனக்கு, 22 என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரிந்தது சென்ற ஆண்டுதான். ஒரு காவல் நிலையத்தின் வெளியே, விடியற்காலை மூன்று மணிக்கு, கால் உடைந்த நெகிழி நாற்காலியில் அமர்ந்திருந்தபோது தெரிந்தது.

100 மில்லிலிட்டர் மூச்சுக் காற்றில் 22 மைக்ரோகிராம் மது. அதுதான் எல்லை. இரத்தத்தில் என்றால் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். சிறுநீரில் 67 மில்லிகிராம். இதற்கு மேல் இருந்தால் நீங்கள் நேராக நடந்தாலும் சரி, தெளிவாகப் பேசினாலும் சரி, சட்டத்தின் கண்ணில் நீங்கள் குற்றம் செய்தவர். உள்ளே ஊதிக்கொண்டிருந்த என் பெரியம்மா மகனுக்கும் அந்த எண் தெரியாது. அவர் பன்னிரண்டு ஆண்டுகளாக லாரி ஓட்டுபவர்.

அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “பேரு மட்டும் போடாதே தம்பி, மத்ததெல்லாம் எழுது” என்றார்.

கிள்ளானில் உறவினர் வீட்டுத் திருமண விருந்து. மண்டபத்தில் மேசைக்கு மேசை சாப்பாடு. மண்டபத்தின் பின்புறம், கார்கள் நிறுத்தும் இடத்தில், திறந்திருந்த கார் பூட்டுக்குள் பனிக்கட்டிப் பெட்டி. இந்த ஏற்பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. மணமக்களை வாழ்த்தும் பாதிக் கூட்டம் உள்ளே, மீதிக் கூட்டம் வெளியே. பதினொன்றரை மணிக்குப் புறப்பட்டோம். அண்ணன் ஓட்ட, பக்கத்தில் மாமா, பின்னால் நானும் இன்னொரு தம்பியும். கார் மாமாவுடையது.

நான் குடிப்பதில்லை. என் சட்டைப்பையில் லைசென்ஸ் இருந்தது. “அண்ணே, நான் ஓட்டவா?” என்று ஒரு தடவை கேட்டேன். மாமா சிரித்தார். “பத்துச் சக்கரம் ஓட்டுறவனுக்கு நீ காரு ஓட்டிக் காட்டப் போறியா? ஒன்னும் ஆகாதுலா, ஏறு” என்றார். ஏறிவிட்டேன்.

வழியில் கார் இரண்டு முறை வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. இரண்டாம் முறை தாண்டியபோது பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டியவர் ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போட்டிருந்தார். கைப்பிடியில் சோற்றுப் பொட்டலம் தொங்கியது. இரவு வேலைக்குப் போகிறவர். அவர் சாலையோர மண்ணில் இறங்கித் தப்பித்துக்கொண்டார். திட்டக்கூட இல்லை. அந்தக் காட்சி என் மனத்தை விட்டுப் போகாததற்குக் காரணம் உண்டு. என் அப்பாவும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். அவரும் ஜாக்கெட்டை அப்படித்தான் போடுவார், காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க. பின்னிருக்கையில் இருந்த நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

அடுத்த பத்து நிமிடத்தில் சாலைத் தடுப்பு. கருவியை நீட்டினார்கள். ஊதினார். இறங்கச் சொன்னார்கள். “கொஞ்சம் பேசிப் பார்க்கலாமா” என்று மாமா தணிந்த குரலில் ஆரம்பித்தார். அண்ணன்தான் “சும்மா இருங்க மாமா, இருக்கிறது போதாதா” என்றார். அந்த நேரத்திலும் எங்கள் காரில் தெளிவாகப் பேசியவர் அவர் ஒருவர்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சாலையோரத்தில் ஊதுவது முதற்கட்டச் சோதனை மட்டுமே. வழக்குக்கு எடுத்துக்கொள்ளும் அளவை நிலையத்தில் உள்ள வேறொரு கருவியில் பார்க்கிறார்கள். இரண்டு முறை ஊத வேண்டும். இரண்டில் குறைவான அளவுதான் கணக்கு. அண்ணனுக்கு 33, 31 என்று வந்தது. ஆகவே 31.

இந்த 31 என்ற எண்ணை வைத்துத்தான் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை விவாதம் நடக்கிறது. 2020ஆம் ஆண்டு வரை எல்லை 35. அந்த ஆண்டில் அடுத்தடுத்து நடந்த விபத்துகளில் உயிர்கள் போய், நாடே கொதித்தபோது, 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறி, அக்டோபர் 23 முதல் அமலுக்கு வந்தது. 35 என்பது 22 ஆனது. இரத்த அளவு 80இலிருந்து 50 ஆனது. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவும் இந்த 50தான். இளம் ஓட்டுநர்களுக்கு அது இன்னும் குறைத்து 20 என்கிறது.

“பழைய சட்டமா இருந்தா என் பிள்ளை வீட்டுக்கு வந்திருப்பான்” என்பது பெரியம்மாவின் வாதம். உண்மைதான். வந்திருப்பார். வழியில் அந்த மோட்டார் சைக்கிள்காரர் சற்றுத் தாமதமாக இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பெரியம்மா பார்க்கவில்லை, நான் பார்த்தேன். 31 என்பது ‘கொஞ்சம்தான்’ என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: 31இல் ஒரு நல்ல ஓட்டுநர், பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ளவர், நேர்க்கோட்டில் கார் ஓட்ட முடியாமல் இருந்ததை நான் ஒரு கை தூரத்தில் இருந்து பார்த்தேன். ஆகவே எல்லையைக் குறைத்தது சரியே என்பது என் கருத்து. இதைச் சொன்னதற்காகப் பெரியம்மா என்னிடம் இரண்டு மாதம் பேசவில்லை.

50 மில்லிகிராம் என்பது எவ்வளவு என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 மில்லிலிட்டர் கொண்ட ஒரு பெரிய போத்தல் பீர், 5 விழுக்காடு என்றால், அதில் ஏறக்குறைய 24 கிராம் தூய மது இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஓர் இளைஞர் வெறும் வயிற்றில் அதை வேகமாகக் குடித்தால், அவருடைய இரத்தத்தில் 50ஐத் தாண்டிவிட வாய்ப்புண்டு. பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் சீக்கிரம். ஒரே ஒரு போத்தல்! ‘ஒரு போத்தல் எல்லாம் தண்ணி மாதிரி’ என்று சொல்லும் மூத்தவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று, மறுநாள் காலை. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் அளவே இரத்தத்திலிருந்து குறையும். சிலருக்கு 10, சிலருக்கு 20. இரவு இரண்டு மணிக்கு 140இல் இருப்பவர், காலை எட்டு மணிக்குக் குளித்து, கோப்பி குடித்து, திருநீறு பூசிக்கொண்டு விரிவுரைக்குப் புறப்படும்போதும் 50ஐ ஒட்டி இருக்கலாம். கோப்பி தூக்கத்தைப் போக்கும், மதுவைப் போக்காது. எலுமிச்சைச் சாறும் அப்படித்தான்.

அது போகட்டும். நிலையத்துக்கு வருகிறேன்.

கைது செய்யப்பட்டவருக்குச் சில உரிமைகள் உண்டு என்பது கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் பிரிவிலேயே இருக்கிறது. எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, விசாரிக்கத் தொடங்கும் முன் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். வசதியில்லாதவர்களுக்காகத் தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இயங்குகிறது. அதன் வழக்கறிஞர்கள் தடுப்புக் காவல் மனு, ஜாமீன், தண்டனைக் குறைப்பு வேண்டுகோள் ஆகியவற்றில் உதவுகிறார்கள். இவையெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றிரவு பல்கலைக்கழகத்தில் படிக்கும் நான் உட்பட நான்கு ஆண்களுக்கும் தெரிந்தது ஒன்றுதான்: ‘தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?’ என்று கைப்பேசியில் தேடுவது.

ஊத மறுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை நம் இளைஞர்களிடம் உலவுகிறது. தக்க காரணம் இல்லாமல் மறுப்பது தனிக் குற்றம். காரை ஓரமாக நிறுத்தி ஓட்டுநர் இருக்கையில் தூங்கினால் ஒன்றும் இல்லை என்பது இன்னொரு நம்பிக்கை. ஓட்டாவிட்டாலும், போதையில் வாகனத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பதும் அதே சட்டத்தின் 45ஆம் பிரிவின் கீழ்க் குற்றமே. போதை தெளியும்வரை ஓட்டும் வாய்ப்பே இல்லை என்று காட்ட வேண்டியவர் தூங்கியவர்தான். தூங்குவது ஓட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கினால் சட்டம் கேள்வி கேட்கும்.

வழக்கு நாள் வந்தது. ‘நீதான் படித்தவன்’ என்று என்னையும் அழைத்துப் போனார்கள். வழக்கறிஞர் வைக்கவில்லை. “வக்கீலுக்குக் கொடுக்கிற காசுல ஃபைனையே கட்டிடலாம்” என்று மாமா முடிவு செய்திருந்தார். மகிஸ்திரேட் நீதிமன்றத்தில் அன்று காலை அதே குற்றத்துக்காக இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் என் தாத்தா வயதுடையவர். அவர் ஓட்டியது பழைய மோட்டார் சைக்கிள். மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம், இதே தண்டனை. குற்றச்சாட்டைத் தமிழில் வாசிக்க வேண்டுமா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு மலாயே போதும் என்றார். இரண்டே நிமிடம். குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

10,000 ரிங்கிட் அபராதம். 2 ஆண்டுகளுக்கு வாகனமோட்டும் தகுதி இழப்பு. சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த தண்டனை அதுவே. முதல் முறைக்கு அபராதம் 10,000 முதல் 30,000 வரை. அதோடு 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். திருத்தத்துக்கு முன்பு இதே குற்றத்துக்கு அபராதம் 1,000 முதல் 6,000 ரிங்கிட் வரைதான். மறுபடியும் பிடிபட்டால் 20,000 முதல் 50,000 வரை, சிறை 5 ஆண்டு வரை.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது அண்ணன் கேட்ட கேள்வியை நான் மறக்க முடியாது. “தம்பி, காரு லைசென்ஸ்தானே போச்சு? லாரி லைசென்ஸ் இருக்குல்ல?”

எல்லாம்தான் போய்விட்டது. எந்த லைசென்சும் வைத்திருக்கவோ எடுக்கவோ தகுதியில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் பொருள். மலாயில் தெளிவாகத்தான் சொன்னார்கள். மொழி அவருக்குப் புரிந்தது, அது தன் வயிற்றில் அடிக்கிறது என்பது மட்டும் புரியவில்லை. சரக்கு வாகனம் ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. நீதிபதியிடம் தன் வேலை என்ன, வீட்டில் எத்தனை பேர் என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் 2 ஆண்டு குறைந்திருக்காது. அது சட்டம் விதித்த குறைந்தபட்சம். ஆனால் என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்து நின்றிருப்பார். குற்றம் செய்தவருக்கு அவ்வளவாவது நாம் செய்ய வேண்டாமா? தண்டனை வேறு, இருட்டில் நிற்பது வேறு.

அபராதத்துக்குப் பெரியம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. கூட்டுப் பணம் முன்கூட்டியே எடுத்தார்கள். மாமா 2,000 கொடுத்தார். பிறகு ‘சனி பார்வை’ என்று யாரோ சொல்ல, கோயிலில் அர்ச்சனையும் நடந்தது. லைசென்சின் நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்காததுதான் குறை! எங்கள் குடும்பம் இந்தச் சம்பவத்துக்கு வைத்த பெயர் ‘கெட்ட நேரம்’. நான் அதை நல்ல நேரம் என்கிறேன். அந்தச் சாலைத் தடுப்பு பத்து கிலோமீட்டர் தள்ளிப் போட்டிருந்தால், அண்ணன் 45A பிரிவில் அல்ல, 44ஆம் பிரிவில் நின்றிருப்பார்.

44 என்ன சொல்கிறது? மதுபோதையில் ஓட்டி மரணம் விளைவித்தால் குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 15 ஆண்டு சிறை. 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். முன்பு இது 3 முதல் 10 ஆண்டு. காயம் விளைவித்தாலே இப்போது 7 முதல் 10 ஆண்டு சிறை. மரணம் விளைவிப்பது இவ்வளவு நீண்ட சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதால், அதன் விசாரணைக்காகவே ஏழு நாள், பிறகு இன்னும் ஏழு நாள் தடுப்புக் காவலில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட முடியும். காப்புறுதி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். போதையில் ஓட்டினால் சொந்தக் காரின் சேதத்துக்குக் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடும். பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, அதை ஓட்டியவரிடம் திரும்பக் கேட்கவும் வழியிருக்கிறது.

இந்தத் தண்டனைகள் கடுமை என்று சட்டம் படிக்கும் நண்பர் ஒருவர் வாதிட்டார். கட்டாயக் குறைந்தபட்சம் இருந்தால் நீதிபதி ஒவ்வொருவரின் சூழ்நிலையையும் பார்க்க முடியாது என்றார். பத்தாயிரம் ரிங்கிட் லாரி ஓட்டுநருக்கு ஐந்து மாத வாழ்க்கை, பங்களா வீட்டுக்காரருக்கு ஒரு கைப்பேசி. இருவருக்கும் ஒரே அபராதமா என்றும் கேட்டார். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, நியாயமான கேள்வி. முதலாவதற்கு, மரணம் நேர்ந்த வழக்கில், சோற்றுப் பொட்டலம் தொங்கிய அந்தக் கைப்பிடிதான் என் கண்முன் வருகிறது. தொற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஆண்டுகளைத் தவிர, நம் சாலைகளில் ஆண்டுதோறும் 6,000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். எல்லாம் மதுவால் அல்ல. ஆனால் போதையில் வரும் கார் கோட்டைத் தாண்டும்போது எதிரில் யார் இருப்பார் என்று ஊகிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை.

என் குறை தண்டனை கூடியதில் அல்ல. தண்டனையைக் கூட்டியதும் காரியம் முடிந்தது என்று நாம் நினைத்துக்கொண்டதில்தான். 2020இல் நாடாளுமன்றம் எண்களை மாற்றியது. எந்த இனத்தவர் குடிக்கிறார்கள், யார் கடையை மூட வேண்டும் என்று ஒரு பக்கம் பேச்சு ஓடியது. நாமும் நம்மைத் தற்காத்துப் பேசினோம். அதோடு மறந்துவிட்டோம். பத்து ஆண்டு சிறை என்பது ஓட்டப் போகிறவரின் நினைவுக்கு எப்போது வர வேண்டும்? சாவியை எடுக்கும்போது. அப்போது அவர் மூளை எந்த நிலையில் இருக்கிறது? சட்டத்தை நினைவுகூர வேண்டிய உறுப்பைத்தான் முதலில் மது பிடித்துக்கொள்கிறது. ஆகவே அந்த நேரத்தில் சட்டம் தெரிந்திருக்க வேண்டியவர் ஓட்டப் போகிறவர் அல்ல. பக்கத்தில் நிற்பவர்.

எங்கள் காரில் நான்கு பேர் இருந்தோம். காவல் துறையினர் எங்கள் மூவரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. சட்டத்துக்கு ‘ஸ்டீரிங் யார் கையில்?’ என்ற ஒரே கேள்விதான். ஆனால் அன்றிரவு நடந்தது ஒருவர் செய்த காரியமா? போத்தலைத் திறந்து கொடுத்தவர் ஒருவர். ‘இன்னும் ஒன்னே ஒன்னு’ என்றவர் ஒருவர். தன் கார் சாவியைத் தூக்கிப் போட்டு ‘நீ ஓட்டு’ என்றவர் மாமா. லைசென்சைப் பையில் வைத்துக்கொண்டு பின்னிருக்கையில் ஏறியவன் நான். பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான் என்பது காரணமாகலாம், சாக்காக முடியாது. நால்வர் சேர்ந்து செய்ததை அண்ணன் ஒருவர் 2 ஆண்டுகளாகச் சுமக்கிறார். மாமாவின் லைசென்ஸ் மாமாவிடம் இருக்கிறது. என்னுடையது என்னிடம்.

இதை நம் கழகத்தின் இதழில் எழுதுவதற்குக் காரணம், இது தோட்டத்துக் கதை, தாமான் கதை, படிக்காதவர் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது என்பதுதான். ஆண்டு விருந்து முடிந்து வேட்டியையும் சேலையையும் மாற்றிக்கொண்டு நாம் எங்கே போகிறோம் என்று நமக்குத் தெரியும். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் மூத்தவர்கள் அன்போடு வருகிறார்கள், அன்போடு செலவு செய்கிறார்கள், பிறகு ஐந்தாறு இளையவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கல்லூரி விடுதிவரை கொண்டுவந்து விடுகிறார்கள். சட்டப்படி மது வாங்கும் வயது 2017 டிசம்பர் முதல் 21. முதலாண்டு மாணவருக்கு அந்த வயதுகூட ஆகியிருக்காது. ‘அண்ணே, நீங்கள் ஓட்ட வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு அவருக்கு எங்கிருந்து வரும்? மூத்தவர்களே, கோபிக்காதீர்கள். உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. என் மாமாவும் அன்பானவர்தான்.

நான் கேட்பது பெரிதல்ல. குடிக்க வேண்டாம் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. அந்தக் கட்டுரையை ஆறாம் ஆண்டிலேயே எழுதி முடித்துவிட்டேன். விருந்து ஏற்பாட்டுக் குழுவில் உணவுக்கு ஒருவர், மேடைக்கு ஒருவர், ஒலிபெருக்கிக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுக்கிறோம் அல்லவா? சாவிக்கும் ஒருவரைப் போடுங்கள். அவர் குடிக்காதவராக இருக்கட்டும். அவர் முதலாண்டு மாணவராக இருந்தாலும் அன்றிரவு அவர் சொல்வதே சொல் என்று தலைவர் மேடையில் அறிவிக்கட்டும். கிராப் காருக்கு ஐம்பது ரிங்கிட் என்று முணுமுணுக்கிறோம். ஐந்து பேர் பகிர்ந்தால் ஆளுக்குப் பத்து. அதோடு, சட்டத்துறையில் படிக்கும் நம் நண்பர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் வந்து, இந்த எண்களையும் கைதானால் என்ன செய்வது என்பதையும் தமிழில் சொல்லித் தரலாம். பட்டிமன்றத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கும் நமக்கு இது முடியாததல்ல.

அண்ணன் இப்போது ஒரு கிடங்கில் சாமான் அடுக்குகிறார். சம்பளம் முன்பு வாங்கியதில் பாதி. எனக்கு விடுமுறை இருக்கும் நாள்களில் என் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன். பின்னால் உட்காரும்போது ஜாக்கெட்டை மாற்றிப் போட்டுக்கொள்கிறார். வீட்டு நாட்காட்டியில் லைசென்ஸ் திரும்ப எடுக்கக்கூடிய தேதிக்கு மேல் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அது அடுத்த ஆண்டு நாட்காட்டி. இப்போதே வாங்கி மாட்டிவிட்டார்.

சென்ற மாதம் இன்னொரு திருமணம். அதே மாதிரி மண்டபம், அதே பனிக்கட்டிப் பெட்டி. புறப்படும் நேரத்தில் மாமா சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. இம்முறை நான் காரின் முன்னால் போய் நின்றேன். “மாமா, சாவியைக் கொடுங்க. நான் ஓட்டுறேன்” என்றேன். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். “எனக்கே சட்டம் சொல்றியா? யுனிவர்சிட்டி போயிட்டா பெரிய ஆளா?” என்று சத்தம் போட்டார். சாவியைத் தரவில்லை.

நான் ஏறவில்லை. அண்ணனும் என் பக்கத்தில் வந்து நின்றார், ஒன்றும் பேசவில்லை. அம்மா இரண்டு பக்கமும் பார்த்தார். தம்பியின் மனம் புண்படக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, “நீங்க பின்னால வாங்கப்பா” என்று சொல்லிவிட்டு மாமாவின் காரில் ஏறிக்கொண்டார்.

நாங்கள் சாலையோரத்தில் கிராப் காருக்காக நின்றோம். வந்து சேர இருபது நிமிடம் என்று காட்டியது. ‘வீட்டுக்கு வந்துட்டேன்’ என்று அம்மாவிடமிருந்து புலனத்தில் செய்தி வரும்வரை அண்ணன் என் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.